எலிசியா குளோரோடிகா: பசுங்கணிகம் திருடும் கடல் நத்தை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பச்சை இலை மாதிரி இருக்கும் ஒரு கடல் நத்தை, பாசியிடமிருந்து பசுங்கணிகங்களை (செல்லுக்குள் ஒளிச்சேர்க்கை நடக்கும் பச்சை நுண்ணுறுப்புகள்) திருடி வைத்துக்கொண்டு வெயிலிலேயே மாதக்கணக்கில் காலம் தள்ளுகிறது என்ற செய்தி, அவ்வப்போது புதுக் கண்டுபிடிப்பு போல இணையத்தில் சுற்றி வரும். "பாதி செடி, பாதி விலங்கு" என்று தலைப்பு இருக்கும். "ஒருமுறை சாப்பிட்டால் ஆயுசுக்கும் பசிக்காது" என்று கீழே எழுதியிருப்பார்கள். இதில் திருட்டு உண்மை. வெயில் மட்டுமே சோறு போடுகிறதா என்பதுதான் இன்னும் தீராத வழக்கு. அந்த வழக்கை ஒட்டியே பெரும்பாலான கேள்விகள் வருகின்றன.

இது என்ன மாதிரியான உயிரி?

எலிசியா குளோரோடிகா ஒரு மெல்லுடலி. தோட்டத்து நத்தை, சிப்பி, கணவாய் எல்லாம் இருக்கும் அதே பெருந்தொகுதி. வளர்ந்த உயிரிக்கு ஓடு கிடையாது. சாதாரணமாக 2 முதல் 3 சென்டிமீட்டர் நீளம் இருக்கும், அரிதாக 6 சென்டிமீட்டர் வரை வளரும். உடலின் இரண்டு பக்கமும் அகலமான மடிப்புகள் உண்டு. அவற்றை விரித்துப் படுத்தால் நடுநரம்பும் கிளைநரம்புகளும் ஓடும் இலையேதான். தனியாகச் செவுள் இல்லை, தோல் வழியாகவே மூச்சு. தலையில் சுருட்டிய காகிதம் போல இரண்டு உணர்கொம்புகள்.

கடல் அட்டையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கடல் அட்டை நட்சத்திர மீனுக்குச் சொந்தம். இதற்கும் அதற்கும் உறவே இல்லை.

எங்கே வாழ்கிறது?

வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில், கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலிருந்து தெற்கே ஃபுளோரிடா வரை. ஆழ்கடல் விலங்கு இல்லை. உப்புச் சதுப்புகள், ஓதம் வந்து போகும் ஆழமற்ற குட்டைகள், சின்ன ஓடைகள்தான் இதன் இடம். பல இடங்களில் முழங்கால் அளவு தண்ணீர்கூட இருக்காது.

அந்த மாதிரி இடத்தில் வாழ்வது சுலபமில்லை. மழை பெய்தால் குட்டை கிட்டத்தட்ட நன்னீராகிவிடும், வெயில் காய்ந்தால் உப்பு ஏறிவிடும். மீன்கள் பலவும் சிறுநீரகத்தையும் செவுளையும் வைத்து உடலுக்குள் உப்பின் அளவைச் சமாளிக்கும். இந்த நத்தை அந்த வேலையே பார்ப்பதில்லை. வெளியே உப்பு எவ்வளவோ, உடலுக்குள்ளும் அவ்வளவு என்று விட்டுவிடுகிறது. ஏறக்குறைய நன்னீரில் தொடங்கி, கடல்நீரைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் உப்பான தண்ணீர் வரை இது தாங்குவதை 1980களிலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். ஒளிச்சேர்க்கை பரபரப்பில் இந்தத் திறமையை யாரும் கண்டுகொள்வதில்லை. என்னைக் கேட்டால், பச்சை நிறமே இல்லாவிட்டாலும் இதற்காகவே இந்த உயிரியைப் பற்றி எழுதலாம்.

வகைப்பாட்டில் இதன் இடம் எது?

தொகுதி மெல்லுடலிகள். வகுப்பு வயிற்றுக்காலிகள். அதற்குள் ஹெட்டரோபிராங்கியா என்ற பெரிய கிளை, அதற்குள் சாக்கோகுளோசா. குடும்பம் பிளாகோபிராங்கிடே, பேரினம் எலிசியா, சிற்றினம் குளோரோடிகா. பழைய புத்தகங்களில் குடும்பத்தின் பெயர் எலிசிடே என்று இருக்கலாம். இரண்டும் ஒரே கூட்டத்தைத்தான் சொல்கின்றன.

எலிசியா பேரினத்தை 1818ல் அமைத்தவர் ரிசோ. குளோரோடிகா சிற்றினத்தை விவரித்தவர் பாஸ்டன் மருத்துவரும் சங்கு, சிப்பி ஆய்வாளருமான அகஸ்டஸ் அடிசன் கூல்ட். பெயரோடு ஒட்டி வரும் ஆண்டு 1870. அவர் இறந்தது 1866ல். மாசசூசெட்ஸ் மாநிலத்து முதுகெலும்பிலிகள் பற்றிய அவருடைய அறிக்கையின் திருத்திய பதிப்பு அவர் போன பிறகுதான் அச்சாகி வந்தது, அதனால் இந்தக் கணக்கு. அறிவியல் பெயரில் "கூல்ட், 1870" என்பது அடைப்புக்குறி இல்லாமல் எழுதப்படும். ஓர் இனத்தை முதலில் வைத்த பேரினத்திலிருந்து பின்னால் வேறொன்றுக்கு மாற்றினால்தான் அடைப்புக்குறி வரும். இது முதல் நாளிலிருந்து எலிசியாவாகவே இருக்கிறது.

அப்படியானால் இது நூடிபிராங்க் இல்லையா?

இல்லை. வண்ண வண்ணமாகப் படம் எடுத்துப் போடுகிறார்களே, முதுகில் செவுள் கொத்தோடு இருக்கும் கடல் நத்தைகள், அவைதான் நூடிபிராங்குகள். ஓடில்லாமல் கடலில் ஊர்கிறது என்பதற்காக இதையும் அதில் சேர்த்துவிடுகிறார்கள்.

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் ஹென்றி மில்ன்-எட்வர்ட்ஸ் வயிற்றுக்காலிகளைச் செவுள் இருக்கும் இடம், மூச்சு விடும் விதம் ஆகியவற்றை வைத்துப் பிரித்தார். செவுள் இதயத்துக்குப் பின்னால் இருப்பவை எல்லாம் ஒப்பிஸ்தோபிராங்கியா என்று ஒரு கூட்டமாயின. நூடிபிராங்க், கடல் முயல், சாக்கோகுளோசா எல்லாம் அதில்தான் இருந்தன. நுரையீரலால் மூச்சு விடும் நில நத்தைகள் புல்மொனேட்டா என்று தனியாகப் போயின. நூறு வருடத்துக்கு மேல் பாடப்புத்தகங்கள் இதையே சொல்லின.

டி.என்.ஏ. வரிசைகளை ஒப்பிட ஆரம்பித்ததும் இந்தக் கட்டடம் ஆட்டம் கண்டது. 2010ல் யோர்கர் குழுவினர் வெளியிட்ட ஆய்வில் சாக்கோகுளோசா, நில நத்தைகள் இருக்கும் கிளையோடு போய் ஒட்டிக்கொண்டது. அந்தக் கிளைக்கு இப்போது பான்புல்மொனேட்டா என்று பெயர். நூடிபிராங்குகள் அதற்கு வெளியே, வேறு கிளையில் நிற்கின்றன. ஆக, எலிசியா குளோரோடிகாவுக்குத் தோட்டத்தில் கீரையைத் தின்னும் நத்தைதான் நெருங்கிய சொந்தம். பக்கத்துப் பாறையில் ஊரும் நூடிபிராங்க் தூரத்து உறவு. ஓட்டை உதறிவிட்டு ஊர்வது வயிற்றுக்காலிகளில் பல கிளைகளில் தனித்தனியாக நடந்திருக்கிறது. வெளித்தோற்றத்தை நம்பி உறவு சொன்னால் இப்படித்தான் கால் வாரும்.

ஒப்பிஸ்தோபிராங்கியா என்ற சொல்லை இன்னும் பலர் வசதிக்காகப் பயன்படுத்துகிறார்கள். பேச்சுக்குச் சரி. உறவைச் சொல்லும் பெயராக அது இனி செல்லாது.

சாக்கோகுளோசா எல்லாமே ஓடில்லாதவையா?

இல்லை, அங்கேதான் வேடிக்கை. ஆக்சினோ போன்றவற்றுக்கு மெல்லிய சுருள் ஓடு உண்டு. பெர்த்தெலினியாவுக்கும் அதன் கூட்டாளிகளுக்கும் சிப்பி மாதிரி இரண்டு ஓடு. காலி ஓடுகள் மட்டும் கிடைத்துக்கொண்டிருந்த காலத்தில் அவற்றைச் சிப்பி என்றே வகைப்படுத்தியிருந்தார்கள். 1959ல் ஜப்பானில் கவாகுட்டியும் பாபாவும் உயிரோடு ஒன்றைப் பார்த்தபோது, இரட்டை ஓட்டுக்குள்ளிருந்து நத்தைத் தலை எட்டிப் பார்த்தது. இந்தக் கவாகுட்டியின் பெயரைக் கீழே இன்னொரு முறை பார்க்கப் போகிறோம்.

என்ன சாப்பிடும்?

வவுச்சீரியா என்ற இழைப்பாசி, அதிலும் முக்கியமாக வவுச்சீரியா லிட்டோரியா. சேற்றின் மேல் கம்பளி விரித்தது போலப் படர்ந்திருக்கும். பார்க்கப் பச்சையாக இருந்தாலும் இது பச்சைப்பாசி வகை கிடையாது. மஞ்சள்-பச்சைப் பாசி என்ற வேறு கூட்டம். பழுப்புப் பாசிகளும், டயாட்டம் எனும் ஒற்றைச் செல் பாசிகளும்தான் அதன் நெருங்கிய சொந்தம்.

இந்தப் பாசியின் இழைக்குள் குறுக்குச் சுவர்கள் இல்லை. ஒரு நீளக் குழாய், அதற்குள் நிறைய உட்கருக்களும் பசுங்கணிகங்களும் மிதக்கும். நத்தைகளுக்குப் பொதுவாக நாக்கில் பல வரிசைப் பற்கள் அரம் போல இருக்கும். சாக்கோகுளோசாவுக்கு ஒரே வரிசைதான், வேலை செய்வதும் ஒரு நேரத்தில் ஒரு பல்தான். அந்தப் பல்லால் இழையைக் குத்திக் கிழித்து உள்ளே இருப்பதை உறிஞ்சிவிடுகிறது. குறுக்குச் சுவர் இல்லாததால் ஒரு குத்துக்கு நிறைய வரும். தேய்ந்த பல்லைத் துப்புவதும் இல்லை. வாய்க்குப் பின்னால் உள்ள சின்னப் பையில் போட்டு வைத்துக்கொள்கிறது.

பசுங்கணிகங்களை எப்படித் திருடுகிறது?

உறிஞ்சியதில் மற்றவை எல்லாம் செரித்துவிடுகின்றன. பசுங்கணிகங்களை மட்டும் செரிமானச் சுரப்பியின் செல்கள் விழுங்கி உள்ளே வைத்துக்கொள்கின்றன. அந்தச் சுரப்பி ஓரிடத்தில் கட்டியாக இருக்கும் உறுப்பு கிடையாது. மெல்லிய குழாய்களாகக் கிளை பிரிந்து, இலை மடிப்புகளின் ஓரம் வரைக்கும் ஓடுகிறது. மேலே சொன்ன இலை நரம்பு அதுதான். தோலுக்கு அடியில், வெளிச்சம் படும் இடத்தில், பசுங்கணிகம் நிரம்பிய செல்கள் பரவிக் கிடப்பதால் முழு உடலும் பச்சையாகத் தெரிகிறது.

எலிசியா பேரினத்தில் இந்தத் திருட்டை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் முதலில் கண்டு சொன்னவர்கள் கவாகுட்டியும் யாமாசுவும், 1965ல், ஜப்பானின் எலிசியா அட்ரோவிரிடிஸ் என்ற இனத்தில். அதுவரை உள்ளே இருப்பது முழுப் பாசி என்றே நினைக்க இடம் இருந்தது. செல்லுக்குள் பாசியின் உட்கருவும் இல்லை, சுவரும் இல்லை, பசுங்கணிகம் மட்டும் தனியாகக் கிடக்கிறது என்று படம் காட்டியது. இந்த நிகழ்வுக்கு இப்போது கிளெப்டோபிளாஸ்டி என்று பெயர்.

எத்தனை நாள் பட்டினி கிடக்கும்?

ஆய்வகத்தில் பாசி எதுவும் கொடுக்காமல், வெளிச்சம் மட்டும் கொடுத்து வைத்திருந்தவை 8, 9 மாதம் வரை உயிரோடு இருந்திருக்கின்றன. அந்தக் காலத்தில் பசுங்கணிகங்கள் ஒளியை வாங்கி, கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து, ஆக்சிஜனை வெளியே விட்டதையும் அளந்திருக்கிறார்கள். அதன் மொத்த ஆயுளே ஒரு வருடத்துக்குச் சற்றுக் குறைவு என்பதால் இது சாதாரண விஷயம் இல்லை.

ஆனால் செய்திகளில் விட்டுப்போகும் ஒரு வரி உண்டு: பட்டினி கிடக்கும் நத்தை சுருங்குகிறது. நாளாக ஆக எடையும் குறைகிறது, பச்சையும் வெளிறுகிறது. பாசி கிடைத்தால் இயற்கையில் இது சாப்பிடத்தான் செய்கிறது.

உட்கரு இல்லாமல் பசுங்கணிகம் எப்படி வேலை செய்கிறது?

இதுதான் இந்தத் துறையில் எல்லோரையும் கட்டிப்போட்ட கேள்வி. பசுங்கணிகத்துக்குச் சொந்தமாகக் கொஞ்சம் டி.என்.ஏ. உண்டு. வவுச்சீரியா லிட்டோரியாவில் அது சுமார் 1,15,000 டி.என்.ஏ. எழுத்து நீளம். ஒளிச்சேர்க்கைக்கு வேண்டிய புரதங்களில் பெரும்பகுதிக்கான குறிப்பு அதில் இல்லை. பாசியின் உட்கருவில்தான் இருக்கிறது. அந்த உட்கருவை நத்தை செரித்துவிட்டது. அதோடு, ஒளிச்சேர்க்கை இயந்திரம் வெளிச்சத்திலேயே அடிபடும். குறிப்பாக டி1 என்ற புரதம் ஓயாமல் உடைந்துகொண்டே இருக்கும், ஓயாமல் மாற்ற வேண்டும். உதிரிபாகம் எங்கிருந்து வருகிறது?

ஒரு பகுதிப் பதில் பாசியின் பக்கமே இருக்கிறது. டி1 புரதத்துக்கான மரபணு பசுங்கணிகத்துக்குள்ளேயே இருக்கிறது. உடைந்த டி1ஐ அப்புறப்படுத்தும் எஃப்.டி.எஸ்.எச். என்ற நொதிக்கான மரபணு நிலத்தாவரங்களில் உட்கருவுக்குப் போய்விட்டது. வவுச்சீரியாவில் அது இன்னும் பசுங்கணிகத்திலேயே தங்கியிருக்கிறது. அதாவது இந்தப் பாசியின் பசுங்கணிகம் தன் பழுதைத் தானே ஓரளவு பார்த்துக்கொள்ளும் ரகம். நத்தை எந்தப் பாசியைத் திருடுகிறது என்பது, எப்படித் திருடுகிறது என்பதைப் போலவே முக்கியம்.

நத்தையின் பக்கத்திலும் ஏற்பாடு இருக்கிறது. வெளிச்சம் அதிகமானால் மடிப்புகளைச் சுருட்டி நிழல் கொடுத்துக்கொள்ளும் பழக்கம் எலிசியாக்களில் நன்றாகக் கவனிக்கப்பட்டிருக்கிறது. 2025ல், இதன் உறவான எலிசியா கிரிஸ்பாட்டாவை வைத்து ஹார்வர்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு இன்னும் உள்ளே போய்ப் பார்த்தது. திருடிய பசுங்கணிகங்களை நத்தையின் செல் தனிச் சவ்வுப் பைகளில் வைத்துப் பராமரிக்கிறது, பட்டினி நீண்டால் அதே பைகளில் அவற்றைச் செரிக்கவும் செய்கிறது என்பது அவர்கள் கண்டது.

பாசியின் மரபணு நத்தைக்குள் புகுந்துவிட்டது என்கிறார்களே?

2008ல் ரம்ஃபோ குழுவினர், ஒளிச்சேர்க்கைக்கு வேண்டிய பி.எஸ்.பி.ஓ. என்ற பாசி மரபணுவை எலிசியா குளோரோடிகாவின் டி.என்.ஏ.வில் கண்டதாக அறிவித்தார்கள். விலங்கு ஒன்று தன் உணவிடமிருந்து மரபணுவையே வாங்கிக்கொண்டது என்றால் அது பெரிய செய்தி. உலகமே எழுதியது. உதிரிபாகக் கேள்விக்கு அழகான விடையாகவும் இருந்தது.

அப்புறம் சிக்கல் வந்தது. 2011ல் வேகெலே குழுவினர் இரண்டு உறவினங்களில் செயல்படும் மரபணுக்களைத் தேடியபோது பாசியுடையது எதுவும் சிக்கவில்லை. 2013ல் பட்டாச்சார்யா குழுவினர் எலிசியா குளோரோடிகாவின் முட்டைகளிலிருந்து எடுத்த டி.என்.ஏ.வைப் படித்தார்கள். முட்டையைத் தேர்ந்தெடுத்ததில் விஷயம் இருக்கிறது: வளர்ந்த நத்தையின் வயிற்றில் எப்போதும் பாசிச் சரக்கு இருக்கும், முட்டையில் இருக்காது. நத்தையின் மரபணுவாகவே ஆகியிருந்தால் முட்டையிலும் இருந்தாக வேண்டும். ஒளிச்சேர்க்கையைத் தாங்கும் அளவுக்கு எதுவும் அங்கே கிடைக்கவில்லை. 2014ல் பியர்ஸ் குழுவினர், குரோமோசோமிலேயே ஒரு பாசி மரபணுவை ஒளிரும் குறியால் கண்டதாக எதிர்வாதம் வைத்தார்கள். 2019ல் இந்த நத்தையின் மரபணுத்தொகுதி வரைவு வெளியானது, சுமார் 55.7 கோடி எழுத்து. 2021ல் மேதா குழுவினர் பிளாகோபிராங்கஸ் ஓசெல்லேட்டஸ் என்ற உறவினத்தின் முழுத் தொகுதியையும் அலசிவிட்டு, மரபணு மாற்றம் எதுவும் இல்லாமலே திருட்டு நடக்கிறது என்று எழுதினார்கள்.

இன்றைய நிலையில் சான்றுகளின் கனம் மரபணு திருட்டுக்கு எதிராகத்தான் சாய்ந்திருக்கிறது. பசுங்கணிகம் திருடப்பட்டது உறுதி, மரபணு திருடப்பட்டதற்கு உறுதியான சாட்சி இல்லை. ஆனாலும் 2008 செய்தியை இன்றைக்கும் முடிந்த முடிவாகப் பகிர்கிறார்கள். மறுப்புகளுக்கு அவ்வளவு நல்ல தலைப்பு அமையவில்லை, அவ்வளவுதான்.

சரி, வெயில்தான் இதற்குச் சோறு போடுகிறதா இல்லையா?

திருடிய பசுங்கணிகம் நத்தைக்கு அடுப்பா, கட்டுச்சோறா என்று கேட்டால் விவாதம் புரிந்துவிடும். அடுப்பு என்றால் வெளிச்சத்தை வைத்து உள்ளே புதிதாகச் சமைத்துக் கொடுக்கிறது. கட்டுச்சோறு என்றால், சமையல் நடக்கிறதோ இல்லையோ, பசிக்கும்போது பசுங்கணிகத்தையே கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்க்கிறது.

2014ல் கிறிஸ்டா குழுவினர் எலிசியா டிமிடா, பிளாகோபிராங்கஸ் ஓசெல்லேட்டஸ் இரண்டையும் சிலவற்றை வெளிச்சத்திலும் சிலவற்றை இருட்டிலும் பட்டினி போட்டார்கள். சிலவற்றுக்கு ஒளிச்சேர்க்கையை நிறுத்தும் வேதிப்பொருளும் கொடுத்தார்கள். வெளிச்சத்தில் கார்பன் பிடிக்கப்பட்டது உண்மைதான். ஆனால் இருட்டில் இருந்தவையும் பிழைத்துக் கிடந்தன, எடை குறைந்ததும் ஏறக்குறைய ஒரே மாதிரி. கட்டுச்சோற்றுக் கட்சிக்கு இது பெரிய பலம்.

மறு கட்சியிடமும் சரக்கு உண்டு. எலிசியா குளோரோடிகாவின் இளம் நத்தைகளில், பசுங்கணிகம் நிலைகொள்ளும் நாட்களில் செல்களுக்குள் கொழுப்புத் துளிகள் குவிவதை 2014ல் பெலட்ரோ குழுவினர் காட்டினார்கள். 2021ல் கார்டக்சானா குழுவினர் எலிசியா டிமிடாவில், பசுங்கணிகம் பிடித்த கார்பன் இனப்பெருக்க உறுப்புகள் வரை போய்ச் சேர்வதையும், நல்ல வெளிச்சத்தில் இருந்தவை கூடுதலாக முட்டையிட்டதையும் கண்டார்கள்.

எனக்கு இந்தக் கடைசி ஆய்வு மிகவும் முக்கியமாகப் படுகிறது. இருட்டில் சாகாமல் இருப்பது ஒரு கேள்வி, நிறைய முட்டையிடுவது வேறு கேள்வி. இயற்கைத் தேர்வு கணக்குப் பார்ப்பது இரண்டாவதைத்தான். அடுப்பும் உண்டு, கட்டுச்சோறும் உண்டு, எந்த இனத்தில் எது எவ்வளவு என்பதில்தான் வித்தியாசம் என்று எடுத்துக்கொள்வது சான்றுகளோடு ஒத்துப்போகிறது. அதே நேரம், டிமிடாவில் கண்டதை அப்படியே குளோரோடிகாவின் தலையில் கட்டக் கூடாது. இரண்டும் திருடும் பாசியே வேறு.

குட்டிகள் பச்சையாகவே பிறக்குமா?

இல்லை. பசுங்கணிகம் முட்டை வழியாகப் போவதில்லை. ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகத் திருடித்தான் ஆக வேண்டும்.

இவை இருபாலுயிரிகள், ஒவ்வொன்றிடமும் ஆண், பெண் இரண்டு உறுப்புகளும் உண்டு. ஆனால் ஜோடி சேர்ந்தே இனம் பெருக்கும். முட்டைகளைச் சளி போன்ற நீண்ட சரமாக இடும். பொரிந்து வரும் இளவுயிரிக்குச் சின்ன ஓடு உண்டு, அது சில வாரம் நீரில் நீந்தி நுண்ணுயிர்ப் பாசிகளைத் தின்று வாழும். வவுச்சீரியா இருக்கும் இடம் வந்ததும் அதன் மேல் இறங்கி, ஓட்டைக் கழற்றிவிட்டு ஊரும் உருவத்துக்கு மாறும். அப்போது நிறம் பழுப்பு, சிவப்புப் புள்ளிகளோடு. பாசியை உறிஞ்சத் தொடங்கிய பிறகுதான் பச்சை ஏறும்.

இதில் ஒரு கால எல்லை இருக்கிறது. மாறியதும் ஒரு வாரமாவது தொடர்ந்து பாசி தின்றால்தான் பசுங்கணிகங்கள் நிலையாகத் தங்குகின்றன. அதற்கு முன்னால் பாசியை எடுத்துவிட்டால் பச்சை கலைந்து, நத்தையும் பிழைப்பதில்லை. "ஒருமுறை சாப்பிட்டால் போதும்" என்ற வரி இங்கேயே அடிபட்டுப் போகிறது.

முட்டையிட்டதும் எல்லாம் ஒரே நேரத்தில் சாவது ஏன்?

வசந்த காலத்தில் முட்டையிட்ட பிறகு வளர்ந்த நத்தைகள் கூட்டமாகச் செத்துவிடும். ஆய்வகத்தில் வைத்திருந்தவையும் அதே பருவத்தில் சாகின்றன. 1999ல் பியர்ஸ் குழுவினர், சாகும் நத்தைகளின் செல்களில் ரெட்ரோவைரஸ் (தன் மரபணுவைச் செல்லின் டி.என்.ஏ.வில் செருகிவிடும் வைரஸ்) போன்ற துகள்கள் நிறைந்திருப்பதை வெளியிட்டார்கள். வெளியிலிருந்து தொற்றுவதைவிட, உடலுக்குள்ளேயே தூங்கிக் கிடந்து ஆண்டுதோறும் விழிக்கும் வைரஸாக இருக்கலாம் என்பது அவர்களுடைய கருத்து. வைரஸ்தான் கொல்கிறதா, கிழடு தட்டிய உடலில் அது தலை தூக்குகிறதா என்பது தனிக் கேள்வி.

தலையை மட்டும் கழற்றிக்கொண்டு போகும் நத்தை இதுதானா?

அது இதன் உறவு. 2021ல் ஜப்பானின் நாரா மகளிர் பல்கலைக்கழகத்தில் மிதோவும் யூசாவும் எலிசியா மார்ஜினேட்டாவை ஒத்த இனத்திலும் எலிசியா அட்ரோவிரிடிஸிலும் கண்டது. கழுத்தில் தானாகவே அறுபட்டு, தலை தனியாக ஊர்ந்து போகும். இதயம் உட்பட உடல் முழுவதும் பின்னால் விடப்படும். சில மணி நேரத்தில் தலை பாசி தின்ன ஆரம்பித்து, சுமார் மூன்று வாரத்தில் புது உடல் வளர்ந்துவிடும். வயதானவற்றுக்கு இது முடியவில்லை. உடம்பு தலையை வளர்த்துக்கொள்வதும் இல்லை. ஒட்டுண்ணி ஏறிய உடலை உதறித் தள்ளும் வழியாக இருக்கலாம் என்று நினைக்கிறார்கள். வயிறே இல்லாத தலை தாக்குப்பிடிக்கத் தலையில் இருக்கும் பசுங்கணிகங்கள் உதவியிருக்கலாம் என்பதும் அவர்கள் முன்வைத்த யோசனை.

ஆட்டுக்குட்டி முகத்தோடு, முதுகில் இலை அடுக்கியது போல ஒரு படம் வருகிறதே?

அது கோஸ்டாசியெல்லா குரோஷிமே. சாக்கோகுளோசாதான், திருடுவதும் உண்மைதான், ஆனால் பேரினமே வேறு. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வளராது. எலிசியா குளோரோடிகா பற்றிய செய்திக்கு அந்தப் படத்தைப் போடுவது அழகுக்காக நடக்கும் அநியாயம்.

பவளமும் இதைத்தானே செய்கிறது?

இல்லை. பவளத்துக்குள் இருப்பது முழுப் பாசி. உட்கரு இருக்கிறது, உயிரோடு இருக்கிறது, பெருகுகிறது. நத்தைக்குள் இருப்பது ஓர் உறுப்பு மட்டும், அது பெருகுவதில்லை, நாளாக நாளாக எண்ணிக்கை இறங்கும். சில நூடிபிராங்குகளும் பவளம் போல முழுப் பாசியை வைத்துக்கொள்ளும், வேறு சில தங்கள் இரையின் கொட்டும் செல்களைத் திருடி ஆயுதமாக வைத்துக்கொள்ளும். பசுங்கணிகத்தை மட்டும் திருடும் விலங்கு சாக்கோகுளோசா ஒன்றே என்று நெடுநாள் சொல்லி வந்தார்கள். 2019ல் இரண்டு கடல் தட்டைப்புழு இனங்களும், டயாட்டம்களிடமிருந்து, இதையே செய்வது தெரிய வந்தது.

விஷம் உண்டா?

எலிசியா குளோரோடிகாவுக்கு முதல் பாதுகாப்பு, பச்சையாகத் தெரியும் வவுச்சீரியாவின் மேல் பச்சையாகக் கிடப்பதுதான். வேதியியல் ஆயுதத்துக்குப் புகழ்பெற்றது எலிசியா ரூஃபெசென்ஸ். பிரயாப்சிஸ் என்ற பாசியைத் தின்று, அதிலிருக்கும் கஹலலைடு என்ற நச்சுகளைத் தன் உடலில் சேர்க்கிறது. அவற்றில் ஒன்றைப் புற்றுநோய் மருந்தாக மனிதர்களிடம் சோதித்தும் பார்த்தார்கள். 2019ல் இன்னொரு திருப்பம்: அந்த நச்சைத் தயாரிப்பது பாசியும் இல்லை, பாசிக்குள் குடியிருக்கும் ஒரு பாக்டீரியா.

மனிதத் தோலில் பசுங்கணிகம் வைத்தால் சாப்பாட்டுக் கவலை தீருமா?

தீராது. கணக்குப் போட்டுப் பாருங்கள். வெயில் படும் தோல் ஒரு சதுர மீட்டர் என்றும், அது நல்ல இலை அளவுக்கு வேலை செய்கிறது என்றும் வைத்துக்கொண்டாலும், பகல் முழுக்க நின்றால் ஒரு நாளைய தேவையில் நூற்றுக்குச் சில பங்குக்கு மேல் தேறுவது கடினம். நத்தை தட்டையானது, குளிர் ரத்தம், நகர்வதும் மெதுவாக. உடல் எடைக்கு அதன் பரப்பு மிக அதிகம், செலவு மிகக் குறைவு. அதற்கே வெயில் மட்டும் போதுமா என்றுதான் இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருந்தோம். நம் உடலோ அந்நியப் பொருளைச் செல்லுக்குள் விட்டால் எதிர்ப்பு சக்தியை ஏவிவிடும்.

வீட்டுத் தொட்டியில் வளர்க்கலாமா?

வேண்டாம் என்றே சொல்வேன். முதலில் வவுச்சீரியா லிட்டோரியாவைத் தனியாக வளர்க்கத் தெரிய வேண்டும், அதுவே ஆய்வகங்களுக்கு முழுநேர வேலை. சாதாரணத் தொட்டிப் பாசியை இது தொடாது. நீர் இறைக்கும் குழாய் உறிஞ்சிவிடும், தொட்டி மீன் கடித்துப் பார்க்கும். எல்லாம் சரியாக அமைந்தாலும் வசந்தம் வந்தால் போய்விடும்.